வேடமில்லாத எதிரி

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை (1894) எம்.ரெட்டியபட்டியில் ஒரு கோடையில் மறுபடி படித்தேன். பனியனின் கதை, கம்பனின் ஓசை. பல இடங்களில் ஓசை அனுபவத்தை மூடிவிடுகிறது. சிலுவைக் காட்சியில் அப்படி இல்லை. வதைப்பவர்களுக்காக வதைபடுகிறவர் மன்னிப்புக் கேட்கிறார்.

இது நமக்குப் புதிதா? பெரியபுராணத்தின் மெய்ப்பொருள் நாயனார் தம்மைக் குத்திய முத்தநாதனைப் பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொல்கிறார். ஆனால் அவர் காத்தது எதிரியை அல்ல. அவன் பூசிவந்த திருநீற்றை. சிலுவையடியில் நிற்பவர்களுக்கோ வேடமில்லை. அறியாமை என்ற சலுகை ஒன்றுதான் உண்டு. மத்தேயு ஐந்தாம் அதிகாரம் அதையும் கேட்பதில்லை. நல்லவன், கெட்டவன் இருவர் புஞ்சையிலும் பெய்யும் மழையைக் காட்டி, எதிரியை நேசிக்கச் சொல்கிறது.

மழைக்கு ஏங்கும் இந்தப் பூமியில் அந்த உவமை சுடுகிறது. அதிக தூரமில்லாத முதுகுளத்தூரில் 1957 கலவரத்தில் எதிரி வேடமிட்டு வரவில்லை. முகம் தெரிந்தவனாகவே வந்தான். வீடு எரிந்தவனிடம் போய் நேசி என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பிரசங்கம் செய்யும் நம் கவிஞர்களுக்கும் இல்லை. யாத்திரிகத்தில் அதைச் சொல்பவர் அடிபட்டவர். மலையில் போதித்தவர், ஆணியில் தொங்கிக்கொண்டு சொல்கிறார். அந்தப் பாட்டு நிற்பது அதனால்தான், ஓசையால் அல்ல.