கண்ணாடிமேல் கவிழ்த்த படங்கள்

திருவொற்றியூரில் பெரியம்மா வீட்டு ஆல்பத்தில் ஒரு சதுரப் படம் இருக்கிறது. இரண்டே கால் அங்குலம், நெகட்டிவ் அளவிலேயே போட்ட பிரிண்ட். கல்யாணமான புதிதில் பெரியப்பாவும் பெரியம்மாவும் கடற்கரையில் நிற்கிறார்கள். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டு முகம், சாய்ந்த வெயில், அவ்வளவுதான். சென்ற ஆண்டு அதை ஸ்கேனரில் கவிழ்த்து 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம், எடுத்தேன். திரையில் பெரிதாக்கியதும் பெரியப்பாவின் தோளுக்குப் பின்னால் கரையேற்றிய மூன்று கட்டுமரங்கள் தெரிந்தன. அவற்றுக்கு அப்பாலும் மணல், அந்த மணலில் காயப்போட்ட வலை. பெரியம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "கடல் அப்போ இன்னும் அந்தாண்ட இருந்துச்சுப்பா. வல காயுற எடம் இப்போ தண்ணிக்குள்ள கீது" என்றார்.

அவர் சொன்னது வரலாறு. 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் எழும்பத் தொடங்கியது. தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் அந்தச் சுவரில் முட்டித் தேங்கி, மெரினா அகலமானது. மணல் வராத வடபக்கத்தில் ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர்ப் பக்கம் வரை கரையைக் கடல் தின்றது. இன்று அங்கே வரிசையாகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்தின் கதை இதைவிடக் கசப்பானது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் இருந்த கழிமுகம் பிற்காலத்து வரைபடத்தில் காணாமல் போனதைச் செயற்பாட்டாளர்கள் 2017இல் வெளியே கொண்டுவந்தார்கள். வரைபடமே மாறக்கூடிய ஓர் ஊரில், கல்யாணப் படத்தின் பின்னணியில் தெரிகிற மணலும் தண்ணீரும் சாட்சி ஆகின்றன. ஆகவே வீட்டு ஸ்கேனரை நான் ஒரே அளவுகோலால் அளக்கிறேன்: முகத்தோடு சேர்த்து முகத்துக்குப் பின்னால் இருப்பதையும் அது காப்பாற்றுகிறதா?

காகிதப் படங்களைப் பொறுத்தவரை நன்றாகவே காப்பாற்றுகிறது. நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பகுதி 120 ஃபிலிமில் எடுத்தவை. ஸ்டுடியோக்காரர் இரட்டை லென்ஸ் யாஷிகா வைத்திருந்தார். வசதியுள்ள வீட்டில் ஆக்ஃபா கிளிக் பெட்டிக் கேமரா இருந்தது. ஊட்டியில் 1960இல் அமைந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் பிரிண்ட் போடும் காகிதமும் தந்தது. பெரிய நெகட்டிவிலிருந்து நேரடியாக எடுத்த சின்ன பிரிண்டில், கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம் அடங்கியிருக்கும். சாதாரண போஸ்ட்கார்டு சைஸ் கலர்ப் படத்துக்கு 300 டிபிஐ போதும். பெரிதாக்க நினைத்தால் 600. அதற்கு மேலே போனால் காகிதத்தின் நார்தான் பெரிதாகும். சதுர கான்டாக்ட் பிரிண்டுக்கும் ஸ்டாம்ப் சைஸ் படத்துக்கும் 1200 வைக்கலாம், பலன் உண்டு. ஆறுக்கு நாலு அங்குலப் படத்தை 600இல் டிஃப் கோப்பாக வைத்தால் ஏறத்தாழ 26 எம்பி பிடிக்கும். ஜேபெக்காக வைத்து, திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். இடம் போகிறதே என்று இதில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரிண்டரோடு சேர்ந்து வருகிற ஸ்கேனரும், ஒல்லியாக மலிவாகக் கிடைப்பதும் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. கண்ணாடியில் ஒட்டிக் கிடப்பதை மட்டும்தான் அது கூர்மையாகப் பார்க்கும். கடற்காற்றில் வளைந்து சுருண்ட படத்தின் விளிம்பு கண்ணாடியை விட்டு இரண்டு மில்லிமீட்டர் தூக்கினாலே மங்கிவிடும். சிசிடி வகை தடிமனாக இருக்கும், விலையும் கூட. ஆனால் அந்த இரண்டு மில்லிமீட்டரை மன்னிக்கும். எங்கள் கடற்கரை வீடுகளில் வளையாத படம் ஏது?

ஸ்லைடு என்று வரும்போதுதான் இந்தக் கருவி தடுமாறுகிறது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஸ்லைடு எடுத்தவர்கள் இல்லை. ஆனால் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் கப்பலுக்குப் போனவர்கள் உண்டு. சித்தப்பா கப்பலின் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தார். 1970களில் போன துறைமுகங்களில் கோடாக்ரோம் ஃபிலிம் வாங்கி அங்கேயே கழுவக் கொடுத்து, அட்டைச் சட்டத்தோடு கொண்டுவந்து குவித்தார். லீவில் ஊருக்கு வரும்போது மிச்ச ஃபிலிமில் எண்ணூரை எடுத்தார். முகத்துவாரம், உப்பளம், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி எல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. 1970இல் இயங்கத் தொடங்கிய அந்த மின்நிலையம் 2017இல் மூடப்பட்டது.

ஸ்லைடைச் சாதாரண ஸ்கேனரில் வைத்தால் கறுப்புக் கட்டம்தான் கிடைக்கும். ஒளி ஊடுருவிப் பார்க்க வேண்டிய படத்துக்கு மூடியில் விளக்கு வேண்டும். எப்சன் வி600 போன்றவற்றில் அது உண்டு. ஒரு நேரத்தில் நான்கு ஸ்லைடு வைக்கலாம். அட்டையில் 6400 டிபிஐ என்று போட்டிருக்கிறது. அந்த எண் சென்சார் எத்தனை புள்ளி எடுக்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, லென்ஸ் எவ்வளவு நுட்பத்தைப் பிரித்துத் தருகிறது என்பதைச் சொல்வதில்லை. இந்த வகை ஸ்கேனர்கள் உண்மையில் தருவது அட்டையில் உள்ள எண்ணில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. மிச்சமெல்லாம் வெறும் கோப்பின் கனம். இரண்டே கால் அங்குல நெகட்டிவுக்கு அது போதும், பரப்பு பெரிது. 36க்கு 24 மில்லிமீட்டர் ஸ்லைடுக்குப் போதாது. காகிதப் படத்துக்கு வைத்த அதே 300இல் ஸ்லைடையும் ஓட்டிவிடுகிறவர்களுக்குக் கிடைப்பது 425க்கு 283 புள்ளிதான். வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாம், வேறெதற்கும் ஆகாது.

இன்னொரு குறை நிழலில் இருக்கிறது. கோடாக்ரோமின் அடர்ந்த பகுதிக்குள் இந்த விளக்கு போதுமான அளவு நுழைவதில்லை. உப்பளத்தின் வெள்ளை அப்படியே வரும், படகின் நிழலில் உட்கார்ந்திருக்கிற மனிதர் கரிக்கட்டையாக வருவார். தூசியை அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடித்துத் தானாகத் துடைக்கிற வசதியும் இங்கே கைகொடுக்காது. சாதாரண கலர் ஃபிலிமின் சாயத்தை அந்தக் கதிர் கடந்துபோகும். தூசி மட்டும் தடுக்கும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இருக்கும் வெள்ளித்துகளும் அந்தக் கதிரைத் தடுப்பதால், படத்தையே தூசி என்று எண்ணி ஸ்கேனர் அழிக்கப் பார்க்கும். கோடாக்ரோமிலும் இதே போன்ற தொல்லை உண்டு.

ஸ்லைடுக்கென்றே செய்த நிக்கான் கூல்ஸ்கேன் கருவியின் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. ஒளிப்பலகைமேல் ஸ்லைடை வைத்து மேக்ரோ லென்ஸ் போட்ட கேமராவால் எடுப்பதே இன்று சரியான வழி என்பது என் முடிவு. அந்த லென்ஸ் வைத்திருக்கும் ஒரு நண்பர் எல்லாருக்கும் கிடைப்பார்.

நம் ஊரின் ஈரம் தனிக் கதை. அசிடேட் ஃபிலிம் 21 டிகிரி வெப்பத்திலும் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைத்தால் கெட ஆரம்பிப்பதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும் என்பது பாதுகாப்பு நிபுணர்கள் சொல்லும் கணக்கு. ராயபுரத்து ஓட்டு வீட்டின் பரண் எந்த மாதத்தில் 21 டிகிரியில் இருந்தது? பழைய நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் ஃபிலிம் உடையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த டப்பாவுக்குத்தான் முதலிடம் தர வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் கல்யாண ஆல்பம் இன்னும் ஐந்து வருடம் காத்திருக்கும். பூஞ்சை பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைக்கிறவர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. பூஞ்சை ஏற்கெனவே தின்று இளக்கிய ஜெலட்டின் துணியோடு வந்துவிடும், கூடவே ஒரு கன்னமும் ஒரு காதும் வந்துவிடும். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தையும் பிய்க்கக்கூடாது. கண்ணாடியோடு அப்படியே சிசிடி ஸ்கேனரில் கவிழ்த்தால் போதும். 1980களில் வந்த பட்டுத்துணி போன்ற சொரசொரப்புக் காகிதத்தில் சாய்வாக விழும் விளக்கு வெள்ளைப் புள்ளிகளாகத் தெறிக்கும். படத்தை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் எடுத்து இரண்டையும் ஒன்றாக்கினால் பாதி குறையும். அதற்குப் பொறுமை வேண்டும். மனமார உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 60 படம் முடிகிறது.

இதுவரை சொன்ன குறைகளைக் கையாள வழி உண்டு. எனக்கு உண்மையாகவே கோபம் வருவது 'தானியங்கித் திருத்தம்' என்ற பொத்தானிடம். வெளிறிச் சிவந்துபோன கலர்ப் படத்தில் அது நீலத்தையும் பச்சையையும் மீட்கிறது, சரி. கூடவே முகத்தை வெளுக்கவும் செய்கிறது. கோடாக் லேப்களுக்கு அனுப்பிய நிற அளவுகோல் அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களே இருந்தார்கள் என்பது நிழற்பட வரலாற்றில் தெரிந்த விஷயம். அந்தச் சாய்வு ஃபிலிமோடு போய்விடவில்லை. வெயிலில் கட்டுமரம் தள்ளியவரின் கறுப்பை ஏதோ கோளாறு என்று மென்பொருள் எண்ணுகிறது. செயற்கை அறிவுச் செயலிகள் இன்னும் ஒரு படி மேலே போய், மங்கிய முகத்துக்கு இல்லாத கண்ணிமையும் இல்லாத பல்வரிசையும் வரைந்து கொடுக்கின்றன. பின்னணியில் இருந்த வலையைப் புல்வெளி ஆக்குகின்றன. என் பெரியப்பா அப்படி ஒருமுறை யாரோ ஒரு சினிமா நடிகர் ஆகித் திரும்பி வந்தார். பெரியம்மா ஒரு வார்த்தை பேசாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திருத்தாத மூலக் கோப்பு ஒன்றைத் தொடாமல் வைத்துவிட்டு, நகலில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். ஓரத்தை வெட்டுகிற வசதியையும் அணைத்துவிட வேண்டும். ஸ்டுடியோ முத்திரை இருப்பது ஓரத்தில்தான்.

முத்திரையைவிட முக்கியம் பின்பக்கம். கேமராவும் போனும் படத்தின் முகத்தை மட்டும் பார்க்கின்றன. ஸ்கேனரில் படத்தைக் கையால் எடுத்து, கவிழ்த்து, மூடி, திறந்து, திருப்ப வேண்டியிருக்கிறது. இந்த மந்தமே அதன் பெரிய பலம் என்று நினைக்கிறேன். விளக்குக் கோடு மெல்ல நகரும் அந்த அரை நிமிடத்தில் பெரியவர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள். "இவ நெட்டுக்குப்பத்துல வாக்கப்பட்டவ", "இவரு லேலண்டுல வேல பாத்தாரு, அந்தச் சட்ட கம்பெனி குடுத்தது" என்று வந்துகொண்டே இருக்கும். எழுதிக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பெயர் எழுதாத ஸ்கேன், முகவரி இல்லாத கடிதம். 0047 என்ற எண்ணோடு வன்தட்டில் கிடக்கும் அது இன்னும் இருபது ஆண்டில் யாருக்கும் யாரும் இல்லை.

நிறுவனங்கள் இதைச் செய்யலாமே என்று கேட்பார்கள். செய்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களை மின்வடிவமாக்கியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த மண்ணில், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எரிக்க முடியாத ஒரு சேமிப்பைக் கட்டிவருகிறது. 2010இல் தொடங்கிய இந்தியன் மெமரி புராஜெக்ட், குடும்பப் படத்தை அதன் கதையோடு சேர்த்தே வாங்குகிறது. அவர்களுடைய கருவியும் ஒழுங்கும் நம் வீட்டில் வராது. ஆனால் குப்பத்து வீட்டில் ஒரே ஒரு தாத்தா படம் இருந்தால், அதை எந்த நிறுவனத்துக்கும் யாரும் கொடுத்தனுப்ப மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. நான் ஒருமுறை ஆயாவின் நெகட்டிவைப் பிரிண்ட் போடக் கொடுத்தேன். கடையில் தொலைத்துவிட்டார்கள். அந்த முகம் வேறெங்கும் இல்லை. படம் வாசற்படி தாண்டாமல் வேலை முடிகிறது என்பதற்காகவே வீட்டு ஸ்கேனரின் மற்ற குறைகளை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

ஸ்கேன் ஆகிவிட்டதே என்று மூலத்தைத் தூக்கி எறிவதை மட்டும் பொறுக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது. அந்தத் தண்ணீருக்கு ஆல்பமும் வன்தட்டும் ஒன்றுதான். கோப்பு இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். மூலம் அட்டைப் பெட்டியில், தரையிலிருந்து உயரத்தில். பிவிசி தாளும் பசையும் கொண்ட ஒட்டு ஆல்பத்தில் திரும்பவும் செருகாதீர்கள். படத்தைக் கெடுத்தது அந்தப் பசைதான்.

சித்தப்பாவின் ஸ்லைடுகளை இப்போது நண்பரின் கேமராவில் எடுத்துவருகிறோம். ஸ்கேனரில் கரிக்கட்டையாக வந்த அந்தப் படகு நிழலில் வயதான பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் மூங்கில் கூடை, காதில் தண்டட்டி, கூடையின் வாயில் ஒரு நண்டின் கால். பெரியம்மாவுக்கு அவரைத் தெரியவில்லை. எண்ணூர்க் காட்டுக்குப்பத்தில் காட்டிக் கேட்கச் சொன்னார். கேபினட் சைஸில் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.