திரையில் மறைந்த திருமுகம்

வில்லியம் வைலர் இயக்கி 1959இல் வெளியான ‘பென்ஹர்’ திரைப்படத்தில் ஆண்டவரின் முகம் ஒருமுறையேனும் காட்டப்படுவதில்லை. அவ்வேடம் பூண்ட பாடகர் கிளாட் ஹீட்டரைப் பின்னிருந்தோ தொலைவிலோ மட்டுமே காண்கிறோம். செட்டிகுளத்தில் சபையாரோடு இப்படத்தைக் கண்ட மாலையில், முதிய தாயார் ஒருவர், “ஐயா, ஆண்டவர் முகத்தை ஏன் மறைச்சுட்டாங்க?” என்று வினவினார். தண்டாயுதபாணியின் முகங்காண மக்கள் மலையேறும் ஊரில் இவ்வினா எழுவது இயல்பே.

பயபக்தியினால் என விடையளிப்பது எளிது. லூ வாலஸ் 1880இல் வெளியிட்ட இக்கதை 1899இல் நாடகமானபோது, மீட்பர் ஓர் ஒளிக்கற்றையாகவே மேடையில் குறிக்கப்பட்டார். ஆயினும், பயபக்தி மட்டும் ஒரு காட்சிக்கு உயிரளிக்காது.

நாசரேத்தூர்க் காட்சியை நோக்குவோம். கப்பலில் துடுப்பு வலிக்கக் கைதியாகக் கொண்டுசெல்லப்படும் யூதா பென்ஹர் தாகத்தால் விழுகிறான். ஒருவர் வந்து தண்ணீர் கொடுக்கிறார். தடுக்க வரும் ரோமப் படைத்தலைவன், அவரை நேருக்கு நேர் கண்டதும் சொல்லிழந்து பின்வாங்குகிறான். நாம் அத்திருமுகத்தைக் காணவில்லை. அதைக் கண்டவனின் முகத்தையே காண்கிறோம். மறைத்தலின் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது.

1978இல் வெளிவந்த தெலுங்குப் படமான ‘கருணாமயுடு’ மாறான வழியில் சென்றது. அதில் இயேசுவாக நடித்த விஜயசந்தரின் முகம் தெளிவாகத் தெரிகிறது. ‘தயாசாகர்’ என இந்தியிலும் வழங்கிய அப்படம் நற்செய்திப் பணியில் சிற்றூர்களிலும் காட்டப்பட்டது. இவ்வழியை நாம் பழித்தல் தகாது. வார்த்தையானவர் மாம்சமானார் என்பதே நம் விசுவாசம். மக்கள் கண்ட முகம் ஒன்று அவருக்கு இருந்தது. முகமற்ற கிறிஸ்துவையே என்றும் காட்டினால், அவர் மனிதராகத் தோன்றினாரேயன்றி மனிதராகவில்லை என்ற பழைய பிழையை நெருங்குவோம். எனினும், நடிகரின் முகமே கிறிஸ்துவின் முகமெனச் சிறுவர் உள்ளத்தில் பதியும் இடரும் உண்டு.

ஆகவே, காண்பித்தலோ மறைத்தலோ தன்னளவில் சிறந்ததன்று. கண்டவரிடம் மாற்றம் புலப்படாவிடில், மறைத்தல் வெறும் உத்தியாகவே நின்றுவிடும். மோசே தேவனின் பின்புறத்தையே கண்டான் (யாத். 33), மலையிலிருந்து இறங்கியபோதோ அவன் முகம் ஒளிர்வதை மக்கள் கண்டனர் (யாத். 34).

இதையே அத்தாயாருக்கு விளக்கினேன். சற்று யோசித்தவர், “அப்ப சனங்க உங்க முகத்தைத்தான் பாப்பாங்க, ஐயா” என்றார். பிரசங்க பீடம் ஏறும் நாம் அனைவரும் அஞ்ச வேண்டிய சொல் அது.