‘சமபக்கம்’: சொல் தருவதும் தராததும்

ஆசிரியர்களே, மாணவர்களே, ‘சமபக்கம்’ நல்ல சொல்தான். கேட்டதும் பொருள் விளங்கிடும். ஆனால், அது பக்கங்களை மட்டுமே பேசுது. கோணங்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. முக்கோணத்தில் இதனால் சிக்கல் இல்லை: மூன்று பக்கமும் சமமானால் ஒவ்வொரு கோணமும் 60 பாகைதான். நாற்கரத்தில் அப்படி இல்லைங்க. சாய்சதுரத்துக்கும் நான்கு பக்கமும் சமம். அதற்காக அது சதுரமாகிவிடுமா? ஆகவே, ‘பக்கங்கள் சமமானால் ஒழுங்குப் பல்கோணம்’ என்று எழுதிக்கொடுப்பது அரைகுறை விளக்கம். கோணங்களும் சமமாக இருக்கணும்.

வகுப்பில் நான்கு ஐஸ்கிரீம் குச்சிகளை முனைகளில் ஊசியால் இணைத்துச் சதுரமாக்கி, மெல்லச் சாய்த்துக் காட்டுங்க. பக்கம் மாறாது, கோணம் மாறும். மாணவர்களே, இன்னொன்று: ‘இருசமபக்கம்’ எழுதும்போது ‘இரு’வை விட்டுடாதீங்க, விட்டால் முக்கோணமே வேறாகிவிடும்!