வேங்கைக்கு ஒரு இழைப்புளி, லாரிப் பட்டையில் இரண்டு உளி

இந்த முறை எடுத்துக்கொண்டவை மூன்று: அரை அங்குல உளி, ஒரு அங்குல உளி, கருவேலங்கட்டையில் செய்த இழைப்புளி. மூன்றுமே திருவண்ணாமலையில் கையால் செய்தவை. இரும்பு வேலை ஒரு கொல்லர் பட்டறையில் நடந்தது, மர வேலை ஒரு தச்சாசாரியின் வீட்டுத் திண்ணையில். கம்பெனிப் பெயரும் கிடையாது, அட்டைப்பெட்டியும் கிடையாது. உளியின் கழுத்தில் செய்தவர் தட்டிய சின்னப் பிறைக்குறிதான் அடையாளம். சில மாதங்களாகத் தேக்கிலும் வேங்கையிலும் வேலை வாங்கிப் பார்த்தாயிற்று. நான் பிடித்த உளிகளில் அந்த அரை அங்குல உளிக்கு மேலாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட கைகள் இந்த ஊரில் மிஞ்சியிருப்பதற்குத் தேர் ஒரு பெரிய காரணம். கார்த்திகை தீபத் திருவிழாவின் 7ஆம் நாள் பஞ்சரதங்கள் மாடவீதி சுற்றும் ஊர் இது. அவற்றில் ஒன்றான மகாரதத்தை 2024 நவம்பரில் சீரமைத்து வெள்ளோட்டம் விட்டார்கள். தமிழ்நாட்டில் பல தேர்களுக்கு இப்போது திருச்சி பெல் ஆலையின் இரும்புச் சக்கரங்கள் வந்துவிட்டன. ஆனால் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக ஏறும் இலுப்பை, வேங்கை, தேக்குச் சட்டங்களுக்கும் சிற்பப் பலகைகளுக்கும் இன்னும் உளிதான் கதி. தெற்கே கள்ளக்குறிச்சியில், 2021இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பக்காரர்களுக்கும் அதேதான்.

இரும்பும் இந்த வட்டாரத்துக்குப் பழையது. இதே மாவட்டத்தின் கீழ்நமண்டியில் இரும்புப் பொருள்கள் கிடைத்த ஈமப்பேழையின் காலம் கி.மு. 1692 என்று 2025 ஜனவரியில் வெளியான தொல்லியல் துறை அறிக்கை சொல்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கம் மேல்சிறுவள்ளூரில் மண் மூசையில் எஃகு உருக்கிய இடத்தை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1994இல் எழுதினார். உலகம் ஊட்ஸ் என்று கொண்டாடிய எஃகு அது. கரி ஒரு சதவீதத்துக்கும் மேல்.

என் உளியின் எஃகு அதுவல்ல, லாரியின் ஸ்பிரிங் பட்டை. கரி சுமார் 0.6 சதவீதம். வருஷக்கணக்கில் பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்த இரும்பு என்பதால் அடி தாங்கும். ஆனால் கருக்கு நிற்குமா நிற்காதா என்பது பட்டையின் கையில் இல்லை, தோய்ச்சலின் கையில் இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தேன். வடிவம் தட்டி அரம் போட்ட உளியின் வாய்ப்பக்கத்தை மட்டும் கொல்லர் கரியுலையில் கோவைப்பழச் சிவப்புக்கு ஏற்றுகிறார். காந்தம் ஒட்டாத சூடு அது, 770 டிகிரிக்குச் சற்று மேலே. வாயை ஓர் அங்குல ஆழத்துக்கு எண்ணெயில் தோய்க்கும்போது கழுத்து வெளியே கனன்றபடி இருக்கிறது. எடுத்ததும் கல்லில் இரண்டு தேய்ப்பு. வெளுத்த அந்த இடத்தில், கழுத்துச் சூடு வாயை நோக்கி நகர நகர, நிறங்கள் ஊர்ந்து வருகின்றன. முன்னால் வைக்கோல் மஞ்சள், பின்னால் பழுப்பு, ஊதா, நீலம். மஞ்சள் விளிம்பைத் தொட்ட கணத்தில் முழு உளியும் எண்ணெய்க்குள் போகிறது. அந்த மஞ்சள் ஏறத்தாழ 230 டிகிரி. முந்தினால் வாய் பொரிந்து உதிரும். 300ஐ ஒட்டி நீலம் வரும்வரை விட்டால் சீக்கிரம் மழுங்கும். இடையில் கிடைக்கும் நேரம் சில நொடிகள். பட்டறைக்குள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருப்பதே உலையில் ஏறும் அந்தச் சிவப்பைக் கண்ணால் மட்டிடத்தான். வெப்பமானி வைத்திருக்கும் எந்த ஆலையையும்விட அந்தக் கண்ணை நான் நம்புவேன்.

இழைப்புளி விஷயத்தில் என்னை அசத்தியது தச்சாசாரி கேட்ட ஒரு கேள்வி.

“என்னா மரம் இழைக்கப் போற தம்பி?”

“வேங்கைதான் ஐயா அதிகம். கொஞ்சம் தேக்கு.”

“அப்ப தகட்டக் கொஞ்சம் நிமித்தி வெக்கணும். படுக்க வெச்சா வேங்கையப் பேத்துடும்.”

கடை இழைப்புளிகளில் தகடு பெரும்பாலும் 45 டிகிரியில் சாய்ந்திருக்கும். வேங்கையின் நார் ஒரு பக்கமாக ஓடாது, பின்னிக்கொண்டு திரும்பும். எதிர்நாரில் போகும்போது 45 டிகிரித் தகடு மரத்தைச் சீவுவதற்குப் பதில் நெம்பிவிடும், சிம்பு எழும்பும். இவர் 50 டிகிரிக்கு வாயை வெட்டினார். தள்ளக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும், தோள் வலிக்கும். ஆனால் கடை இழைப்புளி சொரசொரப்பாக விட்ட அதே வேங்கைப் பலகையில் இது சுருள் சுருளாகச் சீவி எடுத்தது. உப்புத்தாள் போடாமலே பலகையில் பளபளப்பு வந்துவிட்டது.

1981இல் அமெரிக்காவில் தொடங்கிய லை-நீல்சன் போன்ற நிறுவனங்களின் இழைப்புளிகள் அருமையானவை, அதை மறுக்க மாட்டேன். ஜப்பானின் மிகி நகரத்துக் கொல்லர்கள் மென்னிரும்பின்மேல் வல்லெஃகை உலையிலேயே ஒட்டவைத்துச் செய்யும் தகடுகள் அதற்கும் ஒருபடி மேல். ஆனால் அவற்றை வரவழைக்கும் செலவு ஒருபுறமிருக்க, செய்தவர் என் மரத்தைப் பற்றிக் கேட்டுச் செய்ததில்லை. பழுது என்றால் சைக்கிளில் போய்க் காட்டவும் முடியாது.

குறைகள் உண்டு. வாங்கிய அன்றே வேலைக்கு எடுக்க முடியாது. இரண்டு உளிகளின் முதுகும் சமமில்லாமல் வந்தன. சாணைக்கல்லில் நேரம் ஒதுக்கித் தேய்த்தாக வேண்டும். ஐப்பசி மழையில் கட்டை ஊதி இழைப்புளியின் ஆப்பு இறுகிவிட்டது, அடிப்பக்கத்தை மறுபடி சமப்படுத்த நேர்ந்தது. எண்ணெய் தடவாமல் வைத்தால் ஒரே இரவில் துரு படரும். ஒரு அங்குல உளி அரை அங்குல உளியைவிடச் சீக்கிரம் மழுங்கியது. கொல்லரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நகத்தில் கருக்கை உரசிப் பார்த்தவர், பேசாமல் உலையை மூட்டி மறுபடி தோய்ச்சல் கொடுத்தார். காசு வாங்கவில்லை. இப்போது இரண்டும் சமமாக நிற்கின்றன.

மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியபோது, சுத்தியலும் கருவிகளும் செய்பவர்களை 18 தொழில்களில் தனித் தொழிலாகவே சேர்த்தது நல்ல காரியம். அதைவிட அவர்களுக்கு உடனடித் தேவை, தச்சர்கள் ஆர்டர் கொடுப்பது. பிளைவுட்டும் மிஷினும் மட்டும் புழங்குகிறவருக்கு இந்த உளி வேண்டாம், கடையில் கிடைப்பதே போதும். கட்டை மரத்தில் வேலை செய்பவர், கருக்கு வைக்கத் தெரிந்தவர் தயங்காமல் வாங்கலாம். விலை கடை உளியைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், பேரம் பேசாதீர்கள். எந்த மரம், எந்த வேலை என்று தெளிவாகச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த மரத்துண்டையே எடுத்துப் போங்கள். தீபத் திருவிழா நெருங்கும்போது போக வேண்டாம், ஊரும் பட்டறையும் திணறும். பொங்கல் கழிந்து போனால் நின்று பேச நேரம் கிடைக்கும். நான் அடுத்ததாகக் கால் அங்குலத் துளையுளி ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். அதற்குத் தடித்த பட்டை வேண்டுமாம், கிடைத்ததும் அடிக்கிறேன் என்றிருக்கிறார் கொல்லர்.