மண்வாசனையும் மண்ணும்

மண்வாசனை என்ற சொல்லை நம் விமர்சகர் நெடுங்காலமாகப் போற்றி வருகின்றனர். அம்மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று நாம் கேட்டதுண்டா? நிலத்தை முதற்பொருளுள் வைத்தார் தொல்காப்பியர். உணவும் தொழிலும் அந்நிலத்துக்குரிய கருப்பொருள்கள். முதல் கெட்டால் கரு ஏது?

சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் மண்வழி இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. கேடு நிகழ்ந்தபின் வந்த நீதி அது.

எமது தோப்பூருக்கு வடக்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், சீனன்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்களுள் 61 ஐ அபிவிருத்தி செய்ய 2022 இல் ஒப்பந்தமாயிற்று. அங்கு அத்திவாரமிடுமுன் மண்ணை ஆழத்துக்கு ஆழம் எடுத்துச் சோதித்து, முடிவை மக்கள்முன் வைக்கவேண்டும். இக்கோரிக்கையை எழுத்தாளரும் எழுப்புக. இன்றேல் மண்வாசனை வெறும் அலங்காரமே.