நடுகல்லும் வெற்றித்தூணும்: தளேகாவ் எழுப்பும் வினாக்கள்

1. முன்னுரை

போரில் பட்ட வீரனுக்குக் கல் நடுதல் தமிழரின் தொல்வழக்கு. தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என இதனை அறுவகையாகப் பகுக்கிறது. கல்வெட்டுகளுடன் கூடிய நடுகற்கள் பலவற்றில் இறந்தவன் பெயரும் அவன் இறந்த காரணமும் இடம்பெறுகின்றன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லோ வீரனின் பெயரோடு நில்லாமல், அவனுடன் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பொறித்துள்ளது. ஓர் ஊர் தன் இழப்பைத் தானே எழுதிவைத்த வரலாறு நடுகல் எனலாம். இவ்வளவுகோலைக் கொண்டு புணே மாவட்டத்துத் தளேகாவ் தாபாடேயையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த போர் நினைவுகளை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. எரிந்த ஊர்

1778-ஆம் ஆண்டின் இறுதியில், இரகுநாதராவைப் பேஷ்வா பதவியில் அமர்த்தும் பொருட்டுப் பம்பாயிலிருந்து கும்பினிப் படை புறப்பட்டது. அதில் இருந்தோர் ஏறத்தாழ 3,900 பேர். அவர்களுள் ஐரோப்பியர் ஏறத்தாழ 600 பேரே. எஞ்சியோர் இந்தியச் சிப்பாய்கள். இப்படை 1779 சனவரி 9-ஆம் நாள் தளேகாவை அடைந்தபோது அங்குக் கிடைத்தது எரிந்த ஊர். பகைவர்க்கு உணவோ தங்குமிடமோ கிட்டலாகாது என்று மராத்தியரே அதனை எரித்திருந்தனர். சனவரி 11 இரவில் கும்பினியார் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் எறிந்துவிட்டுப் பின்வாங்கினர். வட்காவில் சூழப்பட்டு, அங்கேயே உடன்படிக்கை செய்துகொண்டனர்.

இந்நிகழ்ச்சி இன்று நினைவுகூரப்படும் முறை நோக்கத்தக்கது. வெற்றிக்குரிய தலைவர் மகாத்ஜி சிந்தேக்கு வட்காவில் நினைவுச்சின்னம் உண்டு. அப்படையெடுப்பில் மாண்ட ஆங்கில அதிகாரி ஸ்டூவர்ட்டும் மறக்கப்படவில்லை. 'இஷ்டூர் பாக்டா', அதாவது வீரன் ஸ்டூவர்ட், என அப்பகுதி மக்கள் அவரை வழிபட்டு வருகின்றனர். பகைவனின் வீரத்தையும் போற்றும் இப்பண்பு தமிழ்ப் புறமரபுக்கும் அயலானதன்று. ஆயின் வீடிழந்த தளேகாவ் மக்களும் இருதரப்பிலும் மடிந்த பெயரறியாச் சிப்பாய்களும் இந்நினைவில் யாண்டும் இல்லை. போரின் போக்கை மாற்றியவற்றுள் ஊர் எரிந்தமை முதன்மையானது. அதன் விலையைக் கொடுத்தோர் அவ்வூரார். வெற்றியின் வரலாறு தலைவனைக் கொண்டாடி, விலை கொடுத்தோரை விட்டுவிடுகிறது.

3. பெயர்ப்பட்டியலின் ஆற்றல்

இதற்கு மாறான சான்று அதே மாவட்டத்தின் கிழக்கே உள்ளது. 1818 சனவரி 1-இல் நடந்த கோரேகாவ் போருக்குக் கும்பினியார் எழுப்பிய தூண், பீமா ஆற்றின் கரையில் பேர்ணே ஊர் எல்லையில் நிற்கிறது. தம் வெற்றியைப் பறைசாற்றுவதே அதனை எழுப்பியோர் கருத்து. எனினும் அதில் மாண்டோர் 49 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அவற்றுள் 22 பெயர்கள் 'நாக்' என முடிவன. இவ்வீறு மகார் வகுப்பினர்க்கு உரியது. ஊர்க் கிணற்றை நெருங்க இயலாத மக்களின் பெயர்கள் கல்லில் நிலைபெற்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில அரசு மகார்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியபோது, இப்பெயர்களே அவர்களுடைய உரிமைக் கோரிக்கைக்குச் சான்றாயின. சிவராம் ஜான்பா காம்பளே தூணின் அருகே கூட்டங்களை நடத்தினார். அம்பேத்கர் 1927 சனவரி 1-இல் அங்குச் சென்றார். அதன்பின் ஆண்டுதோறும் மக்கள் திரள்கின்றனர். ஆள்வோர் நட்ட கல் ஆளப்பட்டோரின் நடுகல்லாயிற்று. 2018-இல் இருநூறாம் ஆண்டு நிறைவின்போது மூண்ட வன்முறையில் உயிரிழப்பு நேர்ந்தமை, நினைவுரிமை இன்றும் எத்துணைக் கூர்மையான வினா என்பதைக் காட்டுகிறது.

இப்போரைச் சாதி எதிர்ப்புப் போராகக் கொள்ளலாகாது என்பர் சிலர். கும்பினி தன் ஆதிக்கத்திற்காகவே போரிட்டது என்பதும், தூணில் மராத்தியர் முதலிய பிறர் பெயர்களும் உள்ளன என்பதும் உண்மையே. ஆயினும் இவ்வாதம் இருவேறு வினாக்களை ஒன்றாகக் குழப்புகிறது. போர் எதற்காக நடந்தது என்பது ஒன்று. அதன் நினைவு பின்னர் யாருக்கு எவ்வாறு பயன்பட்டது என்பது மற்றொன்று. முன்னதற்குக் கூறும் விடை பின்னதை மறுத்துவிடாது.

4. செய்யத்தக்கன

கோரேகாவில் மக்கள் தம் வரலாற்றை மீட்பதற்குப் பெயர்ப்பட்டியல் கைகொடுத்தது. தளேகாவில் அத்தகைய பட்டியல் இல்லை. பட்டியல் இல்லாதவிடத்து மக்கள் வரலாறு எழுத இயலாது என்று கைவிடுதல் பொருந்தாது. அதற்கான வழியைப் புணே ஆய்வாளர்களே காட்டியுள்ளனர். ஹேமா ராயிர்கரும் கீ புவாத்வானும் மராட்டியச் சிற்றூர்ப் பெண்கள் திரிகை சுற்றும்போது பாடும் ஓவிப் பாடல்களை ஓர் இலட்சத்துக்கு மேல் தொகுத்தனர். பாடியவர் பெயரும் ஊரும் பாடலோடு பதிவு பெற்றன. அறிஞர் எழுதித் தரும் வரலாற்றுக்கு மாறாக, மக்களே உரைத்து, தம் பெயரோடு நிறுத்தும் வரலாறு இது. இம்முறையில் ஊர் வாய்மொழிகளைத் திரட்டி, புணேயிலுள்ள பேஷ்வா ஆவணங்களோடு ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும்.

5. முடிவுரை

2029 சனவரியில் தளேகாவ் நிகழ்ச்சிக்கு 250 ஆண்டுகள் நிறைவுறும். அப்போது தலைவர்க்கு மேலும் ஒரு சிலை எழுப்புவது எளிது. எரிந்த வீடுகளின் மக்களுக்கு ஒரு கல் நடுவதே கடினமும் தேவையும் ஆகும். பெயர்கள் கிட்டாவிடினும், இழந்தோர் இன்னார் என்று அக்கல் கூறலாம். அதன் வாசகத்தை முடிவு செய்யும் உரிமை அவ்வூரார்க்கே உரியது. ஒரு நாயின் பெயரையும் மறவாத நடுகல் மரபு, நினைவுச்சின்னம் எழுப்புவோர்க்கு உணர்த்தும் நெறி இதுவேயாகும்.