கண்ணாடித் தளத்தின் கீழே ஆதிச்சநல்லூர்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர்ப் பறம்பு. 114 ஏக்கர் பரப்புள்ள பழங்கால இடுகாடு அது. அகழ்ந்த குழிகளை மூடிவிடாமல், மேலே கண்ணாடித் தளம் அமைத்து, முதுமக்கள் தாழிகளைப் புதைந்த இடத்திலேயே காணும்படி 2023 ஆகஸ்டில் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கண்ணாடி மேல் நடக்கும் புதுமையையே எல்லோரும் புகழ்கிறார்கள். அந்த ஏற்பாட்டின் உண்மையான பெருமை வேறு என்பது என் கருத்து.

வாசகரே, அங்கு சென்றால் தாழியை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். சுற்றியுள்ள மண்ணையும் பாருங்கள். மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு, குவார்ட்ஸ் மணல் துகள்களில் சிறுகச் சிறுக ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு கரைந்துவிடும். புதையுண்டால் கணக்கு மீண்டும் தொடங்கும். ஆய்வுக்கூடத்தில் துகளின் மீது ஒளி பாய்ச்சினால் சேர்ந்த ஆற்றல் ஒளியாக வெளிப்படும். அதிலிருந்து அறியும் மொத்தக் கதிர் அளவை ஓராண்டுக்குரிய அளவால் வகுத்தால் வயது கிடைக்கும். ஓராண்டுக்குரிய அளவை எங்கே காண்பது? சுமார் 30 செ.மீ. சுற்றளவில் உள்ள மண்ணில்தான். அதன் ஈரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெயர்த்தெடுத்த தாழிக்கு இந்தக் கணக்கில் பாதி போய்விடுகிறது.

1876இல் இங்கே அகழ்ந்த ஜாகோர், கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டி எடுத்த பொற்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்பு வேல்களும் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. அந்த வேல்களை முருக வழிபாட்டின் தொன்மைக்குச் சான்றாகக் கொண்டோர் உண்டு. வழிபாட்டுப் பொருளா, வெறும் ஆயுதமா? அலமாரியில் இருக்கும் வேல் பதில் சொல்லாது. நல்லவேளையாக, ஆயுதங்கள் முனை கீழ்நோக்கி மண்ணில் குத்தப்பட்டது போல இருந்தன என்று ரீ குறித்து வைத்தார். அந்த ஒரு குறிப்பு, என் மதிப்பில், பொற்பட்டங்களைவிட உயர்ந்தது!

நம் போடியிலிருந்து மலையேறி, மூணாறு தாண்டி மறையூர் சென்றால், முனியறைகள் எனப்படும் கல்திட்டைகளைக் காணலாம். கல் நிற்கிறது, உள்ளே எது எப்படி வைக்கப்பட்டது என்று சொல்ல ஒன்றும் எஞ்சாதவை பல. ஆதிச்சநல்லூரில் அந்த நிலை வராமல் காக்க முயன்றிருக்கிறார்கள். பாராட்ட வேண்டும்.

ஆனால் கண்ணாடி ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. போடிமெட்டு ஏறும் பேருந்தில் சன்னல்களை அடைத்துவிட்டால் கண்ணாடியின் உட்புறம் நீர் முத்து முத்தாகப் படிவதைக் கண்டிருப்பீர்கள். மூடிய குழியிலும் மண்ணின் ஈரம் மேலெழுந்து, குளிர்ந்த கண்ணாடியில் அவ்வாறே படியக்கூடும். அதைவிடக் கொடியது உப்பு. ஈரத்தில் கரைந்த உப்பு தாழியின் சுவருக்குள் ஊறும். ஈரம் உலரும்போது படிகமாகி, மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கும். ஈரமும் உலர்வும் மாறி மாறி வந்தால், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் தாங்கிய பானை சில பத்தாண்டுகளில் பொடியாகிவிடலாம். ஈரத்தை அறவே வற்றச் செய்தாலோ மண் சுருங்கி வெடிக்கும்.

ஆகவே குழிக்குள் காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் இரவும் பகலும் அளக்க வேண்டும். மாதந்தோறும் அந்த வரைபடத்தை, மாணவர்கள் படிக்கும்படி, தாழிகளுக்கு அருகிலேயே மாட்டிவைக்க வேண்டும். காலக்கணிப்பு எண்களைத் தருமிடத்தில் பிழை வரம்பையும் சேர்த்தே எழுத வேண்டும். சென்னையிலும் பெர்லினிலும் உள்ள பொருள்களுக்கு அச்சுப் படிகளாவது இங்கே வேண்டும். ரீ குறித்த அந்த வேல், முனை கீழ்நோக்கிய நிலையிலேயே.